பதினோரு பேர் ஏறும் பஸ்

கிள்ளானிலிருந்து தாமான் செம்பாக்கா குடியிருப்புக்குப் போகும் பஸ்ஸில் நாளொன்றுக்குப் பதினோரு பேர்தான் ஏறுகிறார்கள் என்றது கம்பெனி. அடுத்த மாதத்தோடு நிறுத்தப்போகிறோம், ஆட்சேபம் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதித் தாருங்கள் என்று ஓர் அறிவிப்பு வந்தது. அதை பஸ் கண்ணாடியில் ஒட்டியவள் புனிதா. ஆறு வருஷமாக அந்த பஸ்ஸை ஓட்டுகிறவளும் அவள்தான்.

அறிவிப்பைப் படித்துவிட்டு அய்யாவு சும்மா இருக்கவில்லை. வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்குப் போகிறவர் அவர். ரத்தம் ஏற்றி இறக்கும் இடது கை முழங்கைக்குக் கீழே கயிறு திரித்ததுபோல் புடைத்திருக்கும். அந்தக் கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே ஃப்ளாட் மாடிகளில் ஏறி இறங்கி நூற்று நாற்பது கையெழுத்து வாங்கிவிட்டார்.

"பஸ்ஸே ஏறாதவங்ககிட்டயும் வாங்கியிருக்கீங்களே அங்கிள்" என்றாள் புனிதா.

"நாளைக்கு அவங்க கிட்னியும் போகலாம்லம்மா."

குகனுக்கு இது பிடிக்கவில்லை. பெர்மிட் இல்லாமல் நான்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தான் அவன். பஸ் நின்றால் தாமான் மொத்தமும் அவன் கைக்குள். இரண்டு முறை அய்யாவுவை வழிமறித்து மிரட்டிப் பார்த்தான். அவர் மசியவில்லை.

வியாழக்கிழமை காலை பஸ்ஸில் இரண்டே பேர். மடியில் கையெழுத்து ஃபைலோடு அய்யாவு. பின் சீட்டில், டவுன் கிளினிக்கில் தாதியாக இருக்கும் கௌசல்யா. மூடிக்கிடந்த கையுறைத் தொழிற்சாலை நிறுத்தத்தில் மூன்று பேர் கை காட்டினார்கள். அவர்களில் ஒருவன் குகன் என்பதைப் புனிதா கவனித்தாள். ஆனால் அதற்குள் கதவைத் திறந்துவிட்டிருந்தாள்.

"அக்கா, நீங்க பாட்டுக்கு ஓட்டுங்க லா" என்றான் குகன். அவனுடன் வந்தவர்களில் ஒருவன் சட்டைக்குள்ளிருந்து பாராங் கத்தியை உருவினான். கதவு மூடியது. பஸ் நகர்ந்தது.

"ஃபைலைக் கொடு பெருசு."

"உனக்கு எதுக்குப்பா அது?"

குகன் கையிலிருந்த ஹெல்மெட்டால் அவர் முகத்தில் அறைந்தான். எலும்பு நொறுங்கும் சத்தம் புனிதாவுக்குக் கேட்டது. அப்போதும் அய்யாவு ஃபைலை விடவில்லை. கத்திக்காரன் ஓங்கி வெட்டினான். வெட்டு அந்தப் புடைத்த கையில் விழுந்தது. குழாய் உடைந்ததுபோல் ரத்தம் பீய்ச்சி ஜன்னலில் அடித்தது.

கௌசல்யா பாய்ந்து வந்து அந்தக் கையின் மேல் மண்டிபோட்டு இரண்டு உள்ளங்கையாலும் அழுத்தினாள். "அக்கா, ஆஸ்பத்திரிக்கு விடுங்க. அஞ்சு நிமிஷம்கூட தாங்க மாட்டாரு."

புனிதா ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள். "நிறுத்துடீ" என்று குகன் முன்னால் ஓடிவந்து ஹெல்மெட்டால் அவள் தோளில் அடித்தான். மறுபடி அடித்தபோது அவள் மணிக்கட்டு முறிந்தது. வலியில் கண் இருண்டது. ஸ்டியரிங்கை ஒரு கையில் பிடித்துக்கொண்டு கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். கௌசல்யா ஒரு காலை இருக்கைக் கம்பியில் முட்டுக்கொடுத்து அய்யாவுவை அணைத்திருந்தாள்.

"கௌசல்யா, பிடிச்சுக்க."

முழு பலத்தோடு பிரேக்கை மிதித்தாள்.

குகன் தலைகுப்புறப் பறந்து முன்கண்ணாடியில் மோதினான். கண்ணாடி விரிசல் விட்டு வெடித்தது. அவன் படிக்கட்டில் மடங்கி விழுந்தான், பிறகு அசையவில்லை. மற்ற இருவரும் தரையில் உருண்டு, கத்தியை விட்டுவிட்டு அவசரக் கதவை உதைத்துக்கொண்டு ஓடினார்கள். அன்று மாலையே காப்பார் சாலையில் போலீசிடம் பிடிபட்டார்கள். புனிதா குகனையும் ஏற்றிக்கொண்டுதான் ஆஸ்பத்திரி வாசலில் போய் நிறுத்தினாள்.

அய்யாவு பிழைத்தார். அந்தக் கை இனி டயாலிசிஸுக்கு உதவாது என்று கழுத்தில் குழாய் வைத்தார்கள்.

மறுநாள் மாவுக்கட்டுக் கையோடு புனிதா கம்பெனி அலுவலகத்துக்குப் போய் ஃபைலை மேசையில் வைத்தாள். ரத்தத்தில் தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. அதிகாரி தொடத் தயங்கினார்.

"காய்ஞ்சிடுச்சு சார். எண்ணிப் பாருங்க."

பஸ்ஸுக்கு ஒரு வருஷம் நீட்டிப்பு கிடைத்தது. குகன் அடிபட்டதைப் பற்றிக் கம்பெனி நடத்திய விசாரணையில் அந்த அதிகாரியே அவள் தப்பிக்க வழி காட்டினார்: "நாய் ஏதும் குறுக்கே வந்துச்சா?"

"இல்ல சார். அவன் நின்ன இடத்தைப் பார்த்துத்தான் பிரேக் போட்டேன்."

வேலை போனது. இப்போது சுபாங் ஜெயாவில் ஒரு லோரி ஓட்டுகிறாள். ஒரு நாள் அய்யாவு போன் செய்தார். புது டிரைவர் கொஞ்சம் வேகம் என்றார். அப்புறம் தயங்கி, குகன் இனி நடக்க மாட்டானாம், நேற்றுதான் டாக்டர் சொன்னாராம் என்றார்.

"சரிங்க அங்கிள்" என்றாள் புனிதா.

போனை வைத்தபின் தன்னுள் வருத்தம் எங்காவது இருக்கிறதா என்று வெகுநேரம் தேடிப் பார்த்தாள். இல்லை. அது அவளுக்குப் பயமாக இருந்தது.