தள்ளினால்தான் ஓடும்

பொருளாதார நெருக்கடி வந்ததிலிருந்து அந்தத் தடத்தில் ஓடியது ஒரே பேருந்துதான். அதற்கும் பேட்டரி செத்துப்போயிருந்தது. புதியதை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வழியில்லை. காலையில் டிப்போவில் நாலு பேர் தள்ளிக் கிளப்பிவிட்டால், மாலைவரை டிரைவர் இன்ஜினை அணைப்பதில்லை.

அன்று அவர் நினைப்பெல்லாம் முன் இருக்கையில் இருந்த தையல்காரம்மாமீதுதான். சிறுநீரகம் கெட்டுப்போனவர். ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுத்தம் செய்ய ஒரே இயந்திரம்தான் ஓடியது. நேரத்துக்குப் போகாவிட்டால் முறை அடுத்தவருக்குப் போய்விடும். போன தடவை அப்படித்தான் ஆயிற்று. கால் வீங்கி, செருப்புப் போட முடியாமல் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தார். கடவுளே, இன்றைக்காவது கொண்டுபோய்ச் சேர்த்துவிடு என்று டிரைவர் மனசுக்குள் வேண்டிக்கொண்டார்.

பாலத்தருகே தேர்தல் வேட்பாளர் ஒருவர், உதவியாளரும் கேமராக்காரரும் சூழ, பேருந்தை வழிமறித்து நின்றார். சட்டை சாயம் போனது; இஸ்திரி மடிப்பு மட்டும் கத்தி மாதிரி நின்றது. மக்களோடு மக்களாக ஒரு நிறுத்தம்வரை பயணமாம். அவருடைய கார் பின்னாலேயே வருமாம். முதலில் ஏறிய உதவியாளர், இந்த இரைச்சலில் ஐயா பேசுவது பதிவாகாது என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டிச் சாவியைத் திருகிவிட்டார். இன்ஜின் அடங்கியது.

"ஏங்க அணைச்சீங்க? இனி எல்லாரும் இறங்கித் தள்ளணும்" என்றார் டிரைவர்.

வேட்பாளரின் முகம் மலர்ந்தது. "நாட்டையே தள்ளப்போறவன், பஸ்ஸைத் தள்ள மாட்டேனா?" என்று கேமராவைப் பார்த்துச் சொன்னார்.

இறங்கிய பயணிகளை உதவியாளர் ஓரமாக ஒதுக்கினார். ஐயா தனியாகத் தெரிய வேண்டுமல்லவா? டிரைவர் பக்கக் கண்ணாடியில் பார்த்தார். வேட்பாளர் இரண்டு உள்ளங்கையையும் பேருந்தின்மேல் பதித்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். சட்டையில் ஒரு சுருக்கமும் விழவில்லை. பேருந்து இம்மியும் அசையவில்லை.

தையல்காரம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "நானும் இறங்கிடறேன் தம்பி. கொஞ்சம் கனம் குறையும்."

படியில் வைத்த அந்தக் காலைக் கேமராக்காரர் பார்த்தார். கேமராவைப் பாலத்துச் சுவர்மேல் வைத்தார். "நீங்க உள்ளேயே இருங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் பின்னால் போய்த் தோளைக் கொடுத்தார். அதைப் பார்த்த பயணிகளும் உதவியாளரை விலக்கிக்கொண்டு வந்து கைபோட்டார்கள். பேருந்து உருண்டது, டிரைவர் கிளட்சை விட்டார், இன்ஜின் இருமிக்கொண்டு உயிர்பெற்றது. கடவுள் யார் தோளில் வந்தார் என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை.

ஓடிவந்து பயணிகள் எல்லோரும் ஏறிக்கொண்டார்கள். உதவியாளரும் ஓடிவந்து டிரைவர் பக்கம் தட்டினார். "நிறுத்துய்யா. படம் விழலை. அணைச்சிட்டு இன்னொரு தடவை தள்ளணும்."

"முடியாதுங்க."

"ஐயா ஜெயிச்சா உனக்கு வேலை இருக்காது, தெரியுமில்ல?"

"அவர் ஜெயிக்கட்டும், தோக்கட்டும். இந்தம்மா நேரத்துக்குப் போகணும்."

கியர் மாற்றினார். கண்ணாடியில் வேட்பாளர் நீட்டிய கையோடு நின்றார். கேமராக்காரர் மட்டும் மூச்சிரைக்கச் சிரித்தபடி, போங்க போங்க என்று கைகாட்டினார்.

தையல்காரம்மாவின் பெயரை ஆஸ்பத்திரி வாசலில் கூப்பிடும்போது அவர் அங்கே இருந்தார். உள்ளே போகுமுன் திரும்பி டிரைவரைப் பார்த்துக் கைகூப்பினார். அதற்குள் டிப்போ மேலாளரிடமிருந்து போன் வந்துவிட்டது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்காமலே டிரைவர் பேசினார்.

"ஆமாங்க, நான்தான் நிறுத்தலை. நாளைக்கு வந்தாலும் நிறுத்த மாட்டேன். வர்றவங்க தள்ளுறதா இருந்தா வரச் சொல்லுங்க."