இறங்குகிற கால்

"இத்தனை வருசம் ரெஃபரியா நின்னுருக்கேன். ஒரு பந்துகூட வளையத்துல விழுந்து நான் பாத்ததில்ல!"

திண்டுக்கல்லில் கூடைப்பந்து ஆடிய யாரைக் கேட்டாலும் நூர் முகமதுவின் இந்தப் பீற்றலைச் சொல்வார்கள். எம்பிப் பந்து போடுகிறவனின் கையைப் பார்ப்பாராம். பந்து கையை விட்டதும் காலைப் பார்ப்பாராம். இரண்டு காலும் தரையில் பதிகிற வரைக்கும் கண்ணை எடுக்கவே மாட்டாராம். பந்து எங்கே போனால் அவருக்கென்ன, அதைப் பார்க்கத்தான் இன்னொரு ரெஃபரி இருக்கிறாரே! இவர் விசில் ஊதினால் மலைக்கோட்டைப் புறாக்கள் பழனி வரைக்கும் பறந்துவிட்டுத்தான் திரும்பும். ஸ்டேஷனில் கிளம்பின ரயில் நின்று, கார்டு இறங்கிவந்து என்ன ஏதென்று விசாரித்துவிட்டுப் போவார்.

அந்த நூர் முகமதுவின் மூக்கில் இப்போது பஞ்சு வைத்திருந்தார்கள்.

குளிப்பாட்டி முடித்து, கபன் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தான் தம்பி ஜெகபர் அலி. அண்ணனின் பீற்றலைக் கேட்டு ஊரே சிரிக்கும், சிரித்துக்கொண்டே பாதி நம்பும். சிரிக்காமலும் நம்பாமலும் இருந்த ஒரே ஆள் இவன்தான். "அப்ப ஸ்கோர யாரு சொன்னது, ஜின்னு வந்து காதுல ஓதுச்சா?" என்பான்.

எல்லாம் ஐம்பத்தெட்டாம் வருசம் நடந்த பைனலால் வந்த வினை. திண்டுக்கல்லுக்கும் ஒட்டன்சத்திரத்துக்கும் ஆட்டம். கடைசி நிமிஷத்தில் திண்டுக்கல்லுக்கு ஒரு பாயிண்டு கூடுதல். ஒட்டன்சத்திரத்து ஆண்டிச்சாமி பந்தோடு எம்பினார்; மறிக்க ஜெகபரும் எம்பினான். பந்து வளையத்தின் விளிம்பில் சுற்றோ சுற்றென்று சுற்றி வெளியே விழுந்தது. மைதானமே அதைத்தான் பார்த்தது. திண்டுக்கல் தோல்ஷாப் ஆட்கள் துண்டை வானத்துக்கு வீசிவிட்டார்கள். அப்போதுதான் அண்ணனின் விசில். ஃபவுல், ஜெகபர் பேரில். இறங்குகிறவனின் காலுக்கடியில் இவன் காலைக் கொண்டுபோய்விட்டானாம். ஆண்டிச்சாமி இரண்டு ஃப்ரீ த்ரோவையும் போட்டார். கோப்பை ஒட்டன்சத்திரத்துக் காய்கறி லாரியில் ஏறிப் போயிற்று.

ஃபவுல் செய்தவன் ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கி ஒத்துக்கொள்ள வேண்டும். அது ஆட்டத்தின் சட்டம். ஜெகபர் தூக்கவில்லை.

"எங்காலு என்ன மரக்காலா? பட்டா எனக்குத் தெரியாதா?"

"தெரியாதுடா. நீ பந்தைப் பாத்துக்கிட்டிருந்தே," என்றார் அண்ணன்.

அதிலிருந்து ஒவ்வொரு பெருநாளைக்கும் அண்ணன் வாசலில் மறித்துக்கொள்வார். "கையத் தூக்கிட்டு உள்ள வாடா. உம் பங்கு நல்லி எலும்பு எடுத்து வச்சிருக்கேன்." ஜெகபர் அங்கேயே சலாம் சொல்லிவிட்டு விறுவிறுவென்று திரும்பிவிடுவான். "சொந்தத் தம்பிய வாசல்ல நிறுத்துற ரெஃபரிய எந்த ஊர்லயும் பாத்ததில்ல," என்று திட்டிக்கொண்டே மதினி நர்கீஸ் தூக்குச்சட்டியில் கறி கொடுத்தனுப்புவாள்.

அண்ணன் நோயில் படுத்த பிறகுதான் அவன் அந்த வீட்டுக்குள் கால் வைத்தான். போன வாரம், பேச்சு நின்றுவிட்ட பிறகு, நூர் முகமது தன் வலது கையை ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கிக்காட்டிக் கண்ணைச் சிமிட்டினார்.

"மொதல்ல எந்திரிச்சு உக்காருண்ணே, அப்புறம் பாப்போம்," என்று சொல்லிவிட்டு ஜெகபர் மருந்து வாங்கக் கிளம்பினான். அந்தக் கை எப்போது இறங்கியதென்று அவனுக்குத் தெரியாது.

அடக்கம் செய்கிற மையவாடிக்கு ஆண்டிச்சாமியும் வந்திருந்தார், தக்காளி லாரியில் தொற்றிக்கொண்டு. செருப்பைக் கழற்றிவிட்டுக் கூட்டத்தோடு நின்றார். ஜெகபர் மூன்று பிடி மண் அள்ளிப் போட்டான். வெள்ளைத் துணியை மூடிய பலகைகளின் மேல் மண் விழுவதையே பார்த்தபடி பின்னால் நகர்ந்தான்.

"ஏப்பா ஜெகபரு," என்றார் பக்கத்துவீட்டு சாகுல் ஹமீது. "அவரு காலு மேல நிக்கிறே."

"யாரு, நானா? இல்லியே."

குனிந்து பார்த்தான். அவனுடைய வெறுங்குதிகாலுக்கடியில் ஆண்டிச்சாமியின் விரல்கள்.

சட்டென்று காலை எடுத்தான். "ஒரு சத்தம் குடுத்திருக்கலாம்ல?"

"நீங்க குழியப் பாத்துட்டு இருந்தீங்க. எப்படீங்க சத்தம் போடறது?"

ஜெகபர் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். "அன்னிக்கு…" என்று ஆரம்பித்தான்.

"அதானுங்க உங்கண்ணன் ஊதிட்டாருங்களே," என்றார் ஆண்டிச்சாமி.

மண் மேடானது. தண்ணீர் தெளித்தார்கள். பள்ளிவாசல் அஸரத்து துஆ ஓதத் தொடங்கியதும் எல்லாரும் இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே ஏந்தினார்கள். ஜெகபர் வலது கையை மட்டும் தலைக்கு மேலே நேராகத் தூக்கினான்.

"ரெண்டு கையும் ஏந்தணும்ப்பா," என்று காதோரம் சொன்னார் சாகுல் ஹமீது.

"பட்டுச்சு," என்றான் ஜெகபர். கையை இறக்கவில்லை.