கையெழுத்துக்கு முன் அரைமணிக் கணக்கு

புது மின்கம்பெனியின் ஒப்பந்தத்தாள் மூன்று நாளாகச் சமையலறை மேசையிலேயே கிடந்தது.

"குறைச்சுத்தானே தர்றான். கையெழுத்தைப் போட்டுத் தொலையேன், கிளெனிஸ்," என்றார் அவள் கணவர் கிளாரி. மூக்கில் குழாய். நாற்காலிக்குப் பின்னால் அவருடைய ஆக்சிஜன் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. நாள் முழுக்க அது ஓட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"எந்த நேரத்துக்குக் குறைச்சல்னு பாரு. காலைல பத்துலேருந்து மூணு வரைக்கும்தான். மத்த நேரம் இப்ப இருக்கறதைவிட ஜாஸ்தி. தள்ளுபடியும் ஒரு வருஷத்தோட சரி."

கிளெனிஸ் போர்ட் பிரி ஈய ஆலை ஆய்வகத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவள். அளக்காமல் எதையும் நம்பமாட்டாள். கம்பெனி மாறினால் உயிர்காக்கும் கருவி இருக்கிற வீடு என்று புதிதாகப் பதிய வேண்டுமா என்று போன் போட்டுக் கேட்டாள். ஆமாம், டாக்டர் கையெழுத்தோடு என்றார்கள். பதியாவிட்டால் மின்சாரத்தை நிறுத்தும் முன் இந்த வீட்டுக்கு யாரும் சொல்லமாட்டார்கள். அந்தப் படிவத்தையும் வாங்கி வைத்தாள். பாக்கி இருந்தது ஒன்றுதான்: தங்கள் வீடு எந்த நேரத்தில் எவ்வளவு எடுக்கிறது என்று மீட்டர் பதிந்திருந்த அரைமணிக் கணக்கு. அது அன்று காலை மின்னஞ்சலில் வந்தது.

"அது எதுக்கு இப்ப?" என்றார் கிளாரி. "டீ போடு."

"கையில என்ன, சுளுக்கா?"

அவள் கணினியில் வரைபடத்தைத் திறந்தாள். ராத்திரியில்கூடக் கோடு ஓர் அளவுக்குக் கீழே இறங்கவில்லை. அது இயந்திரம் எடுக்கிற அளவு. ஆனால் செவ்வாயும் வியாழனும் மட்டும் மதியம் ஒன்றிலிருந்து நாலு மணி வரை பொத்தென்று விழுந்து கிடந்தது. போன வாரமும் அப்படியே. அதற்கு முந்தின வாரமும்.

செவ்வாயும் வியாழனும் அவள் தேவாலயத்தின் பழந்துணிக் கடைக்குப் போகிற நாள்கள். ஒன்று முதல் நாலு வரை.

அவள் திரும்பிப் பார்த்தாள். கிளாரி ஜன்னல் வழியாக வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அணைச்சு வைக்கிறியா?"

"சும்மா உக்காந்திருக்கறப்ப ஒண்ணும் பண்ணாது."

"எத்தனை நாளா?"

"குளிர் ஆரம்பிச்சதுலேருந்து." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "நீ ஹீட்டரைப் போடாம ரெண்டு போர்வைக்குள்ள நடுங்கிட்டு இருக்க. இதுல மிச்சம் பிடிச்சா நீ அதைப் போடுவேன்னு நினைச்சேன்."

"நான் போடாததே உன் மிஷினுக்காகத்தான், முட்டாக் கிழவா."

கிளெனிஸ் எழுந்துபோய் ஹீட்டரைப் போட்டாள். பிறகு ஒப்பந்தத்தை மடித்து உறையில் வைத்தாள். பகல் மட்டும் மலிவான திட்டம், ராத்திரியும் பகலும் ஓடுகிற மூச்சுக்கு ஒத்துவராது. எந்நேரமும் ஒரே விலை உள்ளதாகப் பார்க்க வேண்டும்.

ஒரு வெள்ளைத்தாளில் ஏதோ எழுதி அவர் முன்னால் வைத்தாள். 'நான் வீட்டில் இல்லாதபோதும் இயந்திரம் ஓடும்.' கீழே ஒரு கோடு.

கிளாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"கரண்ட் ஒப்பந்தத்துல மனசு மாறினா பத்து நாளுக்குள்ள விலகிக்கலாம்னு சட்டம் இருக்கே. இதுக்கும் உண்டா?"

"உனக்கு அந்தப் பத்து நாள் நாப்பத்தொரு வருஷத்துக்கு முன்னாடியே முடிஞ்சுபோச்சு," என்று பேனாவை நீட்டினாள்.