மச்சாள் மோந்து பார்த்த சட்டை

மச்சாள் என்பது எங்கள் வீட்டுச் செம்மறியின் பெயர். பெயர் வைத்தவள் என் மனைவி பிரான்சிஸ்கா. வங்காலையில் இருக்கும் என் மூத்த அக்கா வாய் ஓயாமல் வெற்றிலை சப்புகிறவள். ஆட்டைக் கொண்டுவந்து கட்டிய அன்றே அது வேலியோரம் நின்று அசைபோடுவதைப் பார்த்துவிட்டு, "இஞ்சருங்கோ, உங்கட அக்கா வந்து நிக்கிறா" என்றாள். என் அக்கா அவளுக்கு மச்சாள் முறை; அன்றிலிருந்து ஆடும் மச்சாள்தான். ஆட்டோடு பேசும்போது மரியாதைக்கும் குறைவிருக்காது. "வாங்கோ மச்சாள், தவிட்டுத் தண்ணி குடியுங்கோ. உங்கட தம்பிக்கு இண்டைக்கு என்ன கோவமாம், ஒருக்காக் கேளுங்கோ மச்சாள்." கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் ஒருநாளும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. ஆடு என்பேன், கோபம் வந்தால் சனியன் என்பேன். அதுவும் என்னை மதித்ததில்லை. எங்கள் ஓலைத்தொடுவாயில் கருவாட்டுக் கொன்ஸ்ரன்ரைன் என்றால் நாலு பேர் மரியாதையாக ஒதுங்குவார்கள். இந்த ஆடு மட்டும் என்னைக் கண்டால் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு போகும். பிரான்சிஸ்காவின் கையைத் தவிர வேறு கை தன்மேல் பட அது விட்டதில்லை.

மடு மாதா திருவிழா முடிந்த கிழமை பிரான்சிஸ்காவுக்கு நெஞ்சு நோவு வந்தது. ஓட்டோவில் ஏற்றி மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது அவளுக்குப் பிள்ளையின் நினைப்பு இல்லை, என் நினைப்பும் இல்லை. "இஞ்சருங்கோ, மச்சாள் சினையா இருக்கிறா. ரெண்டு குட்டி. ரெண்டையும் தப்பவையுங்கோ" என்றாள். இந்த வயிற்றுக்கு இரண்டு எங்கிருந்து வரும், ஒன்றுதான் என்று நான் வாக்குவாதப்பட்டேன். அவள் சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை.

அவளின் முப்பத்தோராம் நாள் பூசைக்கு மகள் வசந்தமலர் பிரான்சிலிருந்து வந்து நின்றாள். பூசை முடிந்ததும், எங்கள் வழக்கப்படி, தாயின் உடுப்புகளை மூட்டை கட்டிக் கன்னியாஸ்திரிமாரிடம் கொடுத்தாள். ஒன்றை மட்டும் நான் ஒளித்துவைத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போக முதல் பிரான்சிஸ்கா கழற்றிப்போட்ட, வீட்டில் உடுக்கும் நீளச் சட்டை. மண்ணிறத்தில் சின்னச் சின்னப் பூப் போட்டது. கழுவாத அந்தச் சட்டையைப் பொலித்தீன் பைக்குள் போட்டு, வாயை இறுக்கிக் கட்டி, அலுமாரிக்குள் வைத்தேன். மனம் தாங்காத நாளில் பையை அவிழ்த்து மூக்கை வைப்பேன். தேங்காயெண்ணெய், அடுப்புப் புகை, வேர்வை, அவள் முழங்காலுக்குப் பூசும் தைலம், எல்லாம் இருக்கும். வாசம் போய்விடுமே என்ற பயத்தில் உடனே கட்டிவிடுவேன்.

மகள் திரும்பிப் போன பிறகு வீடு கிடந்த கிடையைச் சொல்லி முடியாது. அப்பா என்று தொலைபேசியில் கூப்பிட மகள் இருக்கிறாள். அண்ணன் என்று கூப்பிடச் சந்தையில் ஆட்கள் இருக்கிறார்கள். "இஞ்சருங்கோ" என்று கூப்பிட உலகத்தில் ஒருவரும் இல்லை. சில வேளை கிணற்றடியில் வாளி சத்தம் போட்டால் "என்ன?" என்று கேட்டுவிடுவேன்.

வாடைக்காற்று தொடங்கி மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் மச்சாள் குட்டி போட்டது. நான் கொட்டிலுக்கு மற்றப் பக்கத்தில் மீனை வெட்டி உப்புக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். வெயில் இல்லாத நாளில் வேறு என்னத்தைச் செய்வது. சத்தம் கேட்டு ஓடிப்போனால் ஒரு குட்டி எழுந்து நின்று மடியைத் தேடுகிறது. தாய் அதை நக்கிக்கொண்டு நிற்கிறது. பின்னால் ஈர மணலில் இன்னொன்று, பூனைக்குட்டி அளவில், தலையைக்கூடத் தூக்க முடியாமல் கிடந்தது. இரண்டு. பிரான்சிஸ்கா சொன்ன இரண்டு.

பாய்ந்து அதைத் தூக்கி, மூக்கில் இருந்த சளியை வழித்து, உடம்பை இரண்டு கையாலும் நன்றாகத் தேய்த்துவிட்டேன். மூச்சு வந்தது. ஆசையோடு தாயின் முன்னால் வைத்தேன். மச்சாள் மோந்து பார்த்தது. பிறகு தலையால் ஒரு இடி இடித்தது பாருங்கள், குட்டி உருண்டு வேலியில் போய் விழுந்தது. திரும்பக் கொண்டுபோய் வைத்தேன். திரும்பவும் இடி. எனக்கு ஒரு உதை.

வேறு வழி தெரியாமல் எருக்கலம்பிட்டி முஹைதீன் நானாவுக்குப் போன் எடுத்தேன். ஆடு வளர்க்கிறவர், என்னிடம் கருவாடு வாங்க வருகிறவர். மழைக்கு ஒரு சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். குட்டியைத் தூக்கி மணந்தார்.

"அண்ணன், மீன் கையோடயா இதைத் துடைச்சீங்க?"

"ஓம். ஏன்?"

"ஏனா? தாய்க்கு இது குட்டி இல்ல. கருவாடு."

எனக்குச் செருப்பால் அடித்தது போலிருந்தது. ஆயுள் முழுக்க மீனோடு கிடந்தவனுக்குத் தன் கை மணப்பது எங்கே தெரியப்போகிறது. பிரான்சிஸ்கா சொல்லுவாள்தான், சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் சோற்றில் கைவைக்க வேண்டாம் என்று. இப்போது சொல்ல ஆளில்லை.

நானா இளஞ்சூட்டுத் தண்ணீரில் குட்டியைக் கழுவித் துடைத்தார். குட்டிகளுக்குப் பிறகு தாய் போட்ட இளங்கொடியை எடுத்து, தாயின் மணம் வர அதன் முதுகிலும் தலையிலும் பூசினார். மச்சாள் மோந்தது, ஒரு நக்கு நக்கியது. இடிக்கவில்லை. ஆனால் குட்டிக்கு எழும்பப் பலமில்லை. ஆராவது பிடித்து மடியில் வாய் வைத்துவிட வேண்டும். நாங்கள் கிட்டப் போனால் மச்சாள் கொட்டிலைச் சுற்றி ஓடியது.

"கட்டிப்போட்டுப் பிடிப்பம்" என்றேன்.

"கட்டினா பாலை அடக்கிப்போடும். ஆர் இதுக்குக் கிட்டப் போறது?"

"அவதான்."

நானா வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "அவ உடுத்த உடுப்பு ஏதும் கிடக்கா? கழுவாதது?"

"இல்லை" என்றேன்.

அவர் குட்டியின் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தார். "வாய் குளிர்ந்துகொண்டு வருது அண்ணன். தாய்ட முதல் பால், கடும்புப் பால் உள்ள போகாட்டி பொழுதுபடத் தாங்காது. தலை நிக்காத குட்டிக்குப் போத்தலால ஊத்தவும் ஏலாது, நெஞ்சுக்குள்ள போயிரும். அசறுத் தொழுகைக்கு நேரமாகுது, தொழுதிட்டு ஓடி வாறன். சாக்குக்குள்ள வச்சுச் சூடா வச்சிருங்க."

அவர் போய்விட்டார். நானும் குட்டியும்தான். சாக்குக்குள் அதன் நெஞ்சு அடிப்பது என் கைக்குத் தெரிந்தது. சட்டையைப் பையிலிருந்து வெளியே எடுத்தால் பிறகு அதைக் கட்டி வைப்பதில் பயனில்லை என்பதும் தெரிந்தது. மழையில், சாணத்தில், பாலில் அந்தச் சட்டை என்ன பாடு படும்? உன் குட்டிக்கு உன் சட்டைதான் வேண்டுமா, போயும் போயும் அதுதானா என்று செத்தவளோடு சண்டை பிடித்தேன். பிறகு கையை மூன்று தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவிக்கொண்டு போய் அலுமாரியைத் திறந்தேன்.

சாரத்துக்கு மேலே சட்டையைப் போட்டுக்கொண்டு கொட்டிலுக்குள் போனேன். மச்சாள் தலையைத் தூக்கியது. தொண்டைக்குள் ஒரு சத்தம் போட்டது. அது பிரான்சிஸ்காவுக்கு மட்டும் போடும் சத்தம். கிட்ட வந்து சட்டையின் நெஞ்சுப் பக்கத்தில் மூக்கை வைத்து நெடுநேரம் மோந்தது. பிறகு என் முகத்தை அண்ணாந்து பார்த்தது. இது நானடி, அவள் இல்லையடி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

குந்தி இருந்து மடியைத் தொட்டேன். உதைத்தது. திரும்பத் தொட்டேன். உதைத்தது. இன்னும் ஒன்று குறைகிறது என்று எனக்கு விளங்கியது. சுற்றிப் பார்த்தேன், ஒருவரும் இல்லை.

"மச்சாள்" என்றேன். "கொஞ்சம் பொறுங்கோ மச்சாள்."

நின்றது.

காம்பை அழுத்தி அடைப்பை எடுத்தேன். மஞ்சளாய், தேன் மாதிரித் தடிப்பாய்க் கடும்புப் பால் வந்தது. விரலில் தொட்டுக் குட்டியின் நாக்கில் தடவினேன். ஒன்றும் இல்லை. வாயைத் திறந்து காம்பை வைத்தேன், வழுகிவிட்டது. பிரான்சிஸ்கா முந்திய ஈற்றில் குட்டியின் வாலடியைச் சொறிந்துகொண்டிருந்தது நினைவு வந்தது. தாய் நக்குகிறதென்று குட்டி நினைக்குமாம். தாடையை ஒரு கையால் தாங்கி, மற்றக் கையால் வாலடியைச் சொறிந்துகொண்டே "பொறுங்கோ மச்சாள், பொறுங்கோ மச்சாள்" என்று சொன்னபடி இருந்தேன். கால் விறைத்துவிட்டது. கடைசியில் நாக்கு காம்பைச் சுற்றியது. ஒரு இழுப்பு. பிறகு ஒரு விழுங்கல். பிறகு வால் ஆடத் தொடங்கியது.

நான் அழுதேன். அழுகிற வயதா என்றால் இல்லை. ஆனாலும் அழுதேன்.

தொழுதுவிட்டு வந்த நானா, சட்டையோடு இருந்த என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. "அல்ஹம்துலில்லாஹ்" என்றுவிட்டு வேலிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தரமும் அந்தச் சட்டையோடுதான் பால் கொடுத்தேன். குட்டி தானாக எழும்பி, தானாகக் குடித்து, மற்றதை இடித்துத் தள்ளுகிற அளவுக்கு வந்துவிட்டது. ஒருநாள் சட்டை போட மறந்து கொட்டிலுக்குள் போய்விட்டேன். "மச்சாள்" என்றேன். அது பேசாமல் நின்றது. அப்போதுதான் திரும்பி வந்து சட்டையை எடுத்து மோந்து பார்த்தேன். புளித்த பால், ஆட்டு மயிர், சாணம், என் வேர்வை. எங்கே தேடியும் அவள் இல்லை.

"அதென்ன அப்பா, ஏதோ சட்டையில ஈ மொய்க்குதெண்டுறீங்கள். தோய்ச்சுப் போடுங்கோவன்" என்றாள் மகள் தொலைபேசியில். என்ன சட்டை என்று நான் அவளுக்குச் சொல்லவில்லை.

கிணற்றடியில் வைத்துத் தோய்த்தேன். இரண்டு தரம் அலசினேன். மழை விட்டிருந்தது, கொடியில் விரித்துப் போட்டேன். பூ எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. மச்சாள் இரண்டு குட்டிகளோடும் அந்தப் பக்கம் வந்தது. சட்டைக்குக் கிட்டப் போய் மூக்கைத் தூக்கியது. நான் அப்படியே நின்று பார்த்தேன். அந்த வாசம் தெரிந்த சீவன் என்று இந்த உலகத்தில் நானும் அதுவும்தான் மிச்சம்.

அது மோந்தது. பிறகு சட்டையின் விளிம்பை வாய்க்குள் எடுத்து, வெறும் துணியைச் சப்புவது போல் சப்பத் தொடங்கியது.

"விடுங்கோ மச்சாள்" என்றேன். "அது அவட சட்டை."

விடவில்லை, சப்பிக்கொண்டே நின்றது. சின்னக் குட்டி முட்டி முட்டிப் பால் குடித்தது.

"இஞ்சரும், ரெண்டும் தப்பியிட்டுது" என்று கொடிப் பக்கம் பார்த்துச் சொன்னேன். பிறகு போய் மச்சாளின் வாயிலிருந்து சட்டையை மெல்ல இழுத்து எடுத்தேன்.