இறங்கும்போது ஊதவும்

துவாக்குடியில் ஒரு இரும்புக் கம்பெனியில் பதினாறு வருஷமாகக் கான்ட்ராக்டில் இருக்கிறேன். கிரேனுக்குக் கீழே நின்று கையைக் காட்டுவது என் வேலை. ஒரு விரலைத் தூக்கிச் சுழற்றினால் ஆபரேட்டர் சுமையை ஏற்றுவார். உள்ளங்கையைக் கீழே அமுக்கினால் இறக்குவார். பெயர் அன்புச்செல்வன். பட்டறையில் 'சிக்னல்' என்று கூப்பிட்டால்தான் திரும்புவேன்.

எங்களில் நாலு பேரை நிரந்தரம் ஆக்கப்போவதாகப் பேச்சு வந்தது. அதற்கு மெடிக்கல் பாஸாக வேண்டும். சிக்னல்காரனுக்குக் காது சோதனை உண்டு. ஹாரன் சத்தம் கேட்காதவனைக் கிரேனுக்குக் கீழே யார் நிற்க விடுவார்கள்?

மகள் பானுவுக்குச் சென்னையில் வேலை. அவளை ஹாஸ்டலில் விடப் போன இடத்தில்தான் கம்பெனி டைம் ஆபீஸிலிருந்து போன் வந்தது. "நாளைக்குக் காலையில பத்தரைக்குத் தென்னூர் கிளினிக்ல இருக்கணும் சிக்னலு. சாயங்காலம் லிஸ்ட் போயிடும். வரலேன்னா அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

அந்த அடுத்த வருஷத்தைப் பதினாறு தடவை பார்த்துவிட்டேன்.

நாலு நாள் சேர்ந்தாற்போல் விட்ட லீவு அன்றோடு முடிந்ததால் ரயிலிலும் இடமில்லை, பஸ்ஸிலும் இடமில்லை. பானு போனைத் தடவித் தடவி விமான டிக்கெட் எடுத்துவிட்டாள். எனக்கோ சென்னை மழையில் நனைந்து, மூக்கு திறந்துவிட்ட குழாய் மாதிரி ஒழுகிக்கொண்டிருந்தது.

"சளியோட பிளேன்ல போனா காது அடைச்சுக்கும்ப்பா. நான் சொல்றதை எழுதிக்க" என்றாள் ஏர்போர்ட் வாசலில். நாற்பது வயதுக்கு மேல் அவளிடம்தான் எழுத்துக் கற்றேன். எழுதிக்க என்றால் எழுதிவிட வேண்டும். எழுதினேன்.

ஏறுவதற்கு அரை மணி முன்: வாந்தி மாத்திரை.
இறங்கும்போது: மிட்டாய் சப்பவும். கொட்டாவி விடவும். மூக்கைப் பிடித்து வாயை மூடி மெதுவாக ஊதவும்.

மாத்திரையை ஒழுங்காகப் போட்டேன். அதற்கு மேல் நாலு இட்லியும் பொங்கலும் சாப்பிட்டதுதான் அதிகப்படி.

அது இரண்டு பக்கமும் காற்றாடி வைத்த சின்ன விமானம். மேகத்துக்குள் நுழைந்ததும் சாலை போடாத ஊருக்குள் மினி பஸ் போவது போலக் குலுங்கியது. பக்கத்து சீட்டில் நெற்றி நிறையத் திருமண்ணோடு ஒரு பெரியவர். ஸ்ரீரங்கத்தில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவராம், பராசரன் என்று பெயர் சொன்னார். என் முகம் பச்சையாவதைப் பார்த்ததும் முன்னால் செருகியிருந்த காகிதப் பையை எடுத்து விரித்துப் பிடித்தார்.

"கூச்சப்படாதீங்கோ. தலையைச் சாய்ச்சுண்டு தூரத்துல ஒரே இடத்தைப் பாருங்கோ."

தூரத்தில் பார்க்க மேகம்தான் இருந்தது, அதுவும் ஆடியது. பொங்கல் போய்விட்டது. இட்லி மட்டும் நின்றது.

கொஞ்ச நேரத்தில் காதுக்குள் யாரோ கட்டை விரலை வைத்து அமுக்குவது போல இருந்தது. ஜன்னலில் காவேரி தெரிந்தது, அப்புறம் ராஜகோபுரம். பெரியவர் கைகூப்பினார். வாய் அசைந்தது, சத்தம் எனக்கு வரவில்லை. என் கையில் இருந்த மிட்டாயைக் காட்டி, வாயில் போடும்படி சைகை செய்தார்.

"இன்னும் இறங்கலையே சாமி" என்றேன்.

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு அவர் கோபுரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

விமானம் நின்றது. கதவைத் திறந்தார்கள். முதல் படியில் கால் வைத்ததும் மிட்டாயை வாயில் போட்டேன். ஒரு கொட்டாவி விட்டேன். பிறகு மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மெதுவாக ஊதினேன். படிக்கு ஒரு ஊதல். பின்னால் மொத்த விமானமும் நின்றது. ஏதோ கத்தினார்கள் போலிருக்கிறது. திரும்பிப் பார்த்தபோது பதினைந்து வாய்கள் திறந்து திறந்து மூடின. மீன் தொட்டி மாதிரி இருந்தது. ஒன்றும் கேட்கவில்லை.

தென்னூர் கிளினிக் வாசலில் என் மனைவி மட்டுவார்குழலி ஃபைலோடு நின்றாள். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தாள். அவள் வாயும் அசைந்தது.

"காது அடைச்சிருக்கு குழலி" என்றேன். நான் கத்தியிருக்க வேண்டும். தெருவில் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள்.

அவள் என் காதில் வாயை வைத்து, "வாயைத் தொறக்காம உள்ள வாங்க. நான் பாத்துக்கறேன்" என்றாள். அது கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது.

டாக்டர் ஜாஹ்னவி சின்ன வயசு. என்னை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு எனக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அவர் மெதுவாக எண் சொல்வார், நான் திருப்பிச் சொல்ல வேண்டும். எனக்கு நேர் எதிரே கதவோரம் குழலி. அவள் மூன்று விரலைக் காட்டினாள், பிறகு ஆறு.

"முப்பத்தாறு."

ஐந்து, இரண்டு.

"ஐம்பத்திரண்டு."

பதினாறு வருஷம் கையால் பேசியவனுக்கு இதெல்லாம் ஒரு கஷ்டமா? நிரந்தரம் ஆனது போலவே நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

டாக்டருக்கு என்ன தோன்றியதோ, எண்ணை விட்டுவிட்டு வார்த்தைக்குப் போய்விட்டார். குழலி திகைத்தாள். பிறகு எதையோ இடது கையில் பிடித்து, அதன் நுனியைக் கட்டை விரலால் ஒடித்துக் காட்டினாள். இரண்டாம் தடவையும் ஒடித்தாள்.

"சொடக்கு!" என்றேன்.

டாக்டர் முன்னால் வந்தார். சிரிப்பை அடக்கியதில் தோள் குலுங்கியது. நர்ஸ் வியாகுலம்மாள் அடக்கவில்லை. என் காதருகே குனிந்து, "வெண்டைக்காய்யா, வெண்டைக்காய்!" என்று கத்தினார்.

"வெண்டைக்காயை ஒடிச்சுப் பாத்துத்தானே வாங்குவாங்க? அதுகூடத் தெரியலையே இந்த மனுஷனுக்கு" என்று குழலி நர்ஸிடம் முறையிட்டதை நர்ஸ் பிறகு சொன்னார்.

டாக்டர் விளக்கு வைத்த கருவியால் இரண்டு காதுக்குள்ளும் பார்த்தார். சத்தமாகப் பேசினார். "காது பழுதில்லே. சளியோட பறந்ததுல அடைச்சுண்டிருக்கு. இறங்கறச்சே ஊதலையா?"

"ஊதினேங்களே டாக்டரம்மா. படிக்குப் படி நின்னு ஊதினேன்."

"படியிலயா?" டாக்டர் தலையில் கை வைத்தார். "பிளேன் கீழ இறங்கறச்சே ஊதணும். நீங்க இறங்கறச்சே இல்லே."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க பட்டறையில ஆளு ஏறுவான், இறங்குவான். சுமையை ஏத்துவோம், இறக்குவோம். பிளேனை இறக்கும்போதுன்னு எம்பொண்ணு சொல்லியிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்கும்ங்க."

"இலக்கணமெல்லாம் சரிதான். ஆனா காது கேக்கலையே" என்று டாக்டர் மூக்கில் சொட்டு மருந்து விட்டார். "அடிக்கடி எச்சில் முழுங்குங்கோ. ஊதினா மெதுவா ஊதுங்கோ, பலமா ஊதினா காது கெட்டுப்போயிடும். ஒரு மணி வரைக்கும் இங்கதான் இருப்பேன். அதுக்குள்ள திறந்தா மறுபடியும் பாக்கறேன். இல்லேன்னா நான் பொய் எழுத முடியாது."

மணி பதினொன்று. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எச்சில் முழுங்கினேன். கொட்டாவி விட்டேன். என்னைப் பார்த்து வரிசையில் இருந்த எல்லோரும் கொட்டாவி விட்டார்கள். அவர்களுக்கெல்லாம் காது நன்றாகத்தான் இருந்தது.

அப்போது ஒரு யோசனை வந்தது. மேலே போன நான் முறையாக ஊதாமல் கீழே வந்துவிட்டேன். அதனால்தானே அடைப்பு? மறுபடி மேலே போய், இந்தத் தடவை ஒழுங்காக ஊதிக்கொண்டே கீழே வந்தால் ஆயிற்று. தென்னூருக்குப் பக்கத்தில் மேலே என்றால் மலைக்கோட்டைதான்.

குழலியிடம் சொன்னேன். அவள் வாய் ரொம்ப நேரம் அசைந்தது. கடைசியில் ஆட்டோவைக் கை தட்டிக் கூப்பிட்டதும் அவள்தான்.

நானூறு படிக்கு மேல் இருக்கும். சளி பிடித்த நெஞ்சோடு, அரை வயிற்றோடு ஏறினேன், குழலியும் கூடவே வந்தாள். உச்சிப் பிள்ளையாரிடம் ஒரு நிமிஷம் நின்றேன். உடனே மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்க ஆரம்பித்தேன். பத்துப் படிக்கு ஒரு தடவை நின்று, கண்ணை மூடி, கன்னம் உப்ப மெதுவாக ஒரு ஊதல்.

ஒரு குடும்பம் எங்களையே பார்த்தது. அந்த அம்மா குழலியிடம் ஏதோ கேட்டாள், குழலி ஏதோ சொன்னாள். நூறு படி தாண்டித் திரும்பிப் பார்க்கிறேன், எனக்குப் பின்னால் அந்தக் குடும்பமும் இன்னும் நாலு பேரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். நான் நின்றால் அவர்களும் நின்றார்கள். நான் ஊதினால் அவர்களும் ஊதினார்கள். ஒருவர் பட்டு வேட்டி கட்டியிருந்தார்.

அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. பிடித்த மூக்கை விட்டேன், எச்சிலை முழுங்கினேன். வலது காதில் டப். அடுத்த முழுங்கலில் இடது காதில் டப். அதன் வழியாக முதலில் உள்ளே வந்தது குழலியின் குரல்.

"...கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து இதே கூத்துதான்! என்ன வேண்டுதல்னு கேக்குறாங்க, நான் என்னத்தைச் சொல்றது? பத்துப் படிக்கு ஒருக்கா ஊதினா வேலை நிரந்தரமாகும்னு சொல்லிவச்சேன்..."

காலையிலிருந்து நிறுத்தாமல் திட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"கேக்குது குழலி" என்றேன்.

"எது?"

"எல்லாம்."

அவள் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள்.

ஒரு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கிளினிக்கில் நுழைந்தோம். இந்தத் தடவை டாக்டர் குழலியை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டார். எழுபத்தி நாலு என்றார், எழுபத்தி நாலு என்றேன். கத்தரிக்காய் என்றார், கத்தரிக்காய் என்றேன். பிறகு ரொம்ப மெதுவாக, "கள்ளத்தனம் பண்ணின தம்பதி" என்றார். அதையும் திருப்பிச் சொன்னேன். காகிதத்தில் ஏதோ கிறுக்கிக் கையில் கொடுத்தார்.

எழுத்துக் கூட்டிப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. வெளியே வியாகுலம்மாளிடம் காட்டினேன். "இருபது வருஷமா நானும் டாக்டருங்க எழுத்தைப் பாக்குறேன், விளங்குனதே இல்லைய்யா" என்றார். திரும்ப உள்ளே போனேன்.

"என்னங்க எழுதியிருக்கீங்க?"

"ஃபிட்னு எழுதியிருக்கேன்."

பதினாறு வருஷம். இன்னொரு தடவை அதைக் காதால் கேட்க வேண்டும் போல இருந்தது.

"என்னங்க டாக்டரம்மா?" என்றேன்.

டாக்டரின் முகம் மாறியது. பேனாவை எடுத்தார். "கேக்கலையா? அந்தக் காகிதத்தை இப்படிக் குடுங்கோ."

"கேட்டுச்சுங்க, கேட்டுச்சுங்க!" என்று கத்திக்கொண்டே காகிதத்தைச் சட்டைக்குள் திணித்து, வெளியே நின்ற குழலியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தென்னூர் ரோட்டில் ஓடினேன்.