டைரக்டர் காரின் அலறல்

காரணமின்றி இவ்வுலகில் ஓர் அணுவும் அசைவதில்லை. காரணத்தைத் தேடிப் புறப்பட்ட மனித அறிவின் முன் எந்த மர்மமும் நெடுநாள் தாக்குப்பிடித்ததில்லை. குடியிருப்பின் கீழ்த்தளத்தில் நின்ற டைரக்டரின் வெள்ளைக் காருக்கு மட்டும் இது தெரியவில்லை. அது தனக்குத் தோன்றியபோதெல்லாம் அலறியது.

டைரக்டர் உண்மையில் துணை டைரக்டராக ஓய்வு பெற்றவர். 'துணை'யை அலுவலக மேசையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார். இப்போது குடியிருப்போர் சங்கத்தின் தலைவர். மாடிப்படியில் யாராவது சத்தமாகச் சிரித்தால்கூட அறிவிப்புப் பலகையில் கண்டனம் ஒட்டுகிறவர். அப்படிப்பட்டவரின் காரே ஊரைக் கூட்டத் தொடங்கியதும், முதுகுக்குப் பின்னால் அவருக்கு 'சைரன்' என்று பெயர் விழுந்துவிட்டது. அது அவர் காதுக்கும் எட்டியது. யாராவது ஒருவர் மாட்டியே ஆகவேண்டும் என்று அன்றே முடிவாயிற்று.

ஒவ்வொன்றாக விலக்கிப் பார்ப்பது டைரக்டரின் முறை. மெக்கானிக் வந்து பேட்டரியை மாற்றினார். பானெட் சரியாக மூடுகிறதா என்று அமுக்கிப் பார்த்தார். ஆட்டம் அசைவுக்குக் கத்தும் சென்சாரை மட்டுப்படுத்தினார். "இனிமே யானை வந்து உரசினாத்தான் சார் கத்தும்" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலை டைரக்டர் ஷூ மாட்டிக்கொண்டிருக்கையில் கார் கத்தியது. யானை எதுவும் தென்படவில்லை.

அடுத்து, கார் மேல் படுத்துத் தூங்கும் பூனையைச் சாக்கில் கட்டி எங்கோ கொண்டுபோய் விட்டார்கள். கார் கத்தியது. மாடியில் பாட்டு சொல்லிக்கொடுக்கும் டீச்சரின் குரல் அதிர்வாக இருக்குமோ என்று அவருடைய வகுப்பை நிறுத்தினார்கள். கார் சுருதி பிசகாமல் கத்தியது.

மிச்சம் இருந்தவர் வாட்ச்மேன்.

வயதானவர். மாடிப்படிக்கு அடியில் இருந்த ஒற்றை அறையில், கால் முறிந்து கட்டுப்போட்டுக் கிடந்த மனைவியோடு இருந்தார். வேலை போனால் அறையும் போய்விடும். அது எல்லோருக்கும் தெரியும்; டைரக்டருக்கு மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை டைரக்டர் வீட்டு ஹாலில் கூட்டம் நடந்தது. வாட்ச்மேன் கையைக் கட்டிக்கொண்டு நடுவில் நின்றார்.

"கார் பக்கத்துல எந்நேரமும் இருக்கறது யாரு?"

"நான்தான் ஐயா. அதுக்குத்தானே வச்சிருக்கீங்க."

"ஒத்துக்கிட்டான். குறிச்சுக்கோங்க" என்றார் டைரக்டர், சங்கச் செயலாளரிடம்.

"தொட்டதே இல்லீங்க ஐயா. திட்டுவீங்கன்னு தூசிகூடத் தட்டறதில்ல."

"தூசியும் தட்டறதில்ல. அதையும் குறிச்சுக்கோங்க."

"பாவங்க அவரு" என்றார் பாட்டு டீச்சர். "வீட்டுக்காரம்மா எழுந்து நடக்கக்கூட முடியாம கிடக்கறாங்க."

"உங்க வகுப்ப மறுபடி ஆரம்பிக்கறதப் பத்தி அப்புறம் பேசலாம்மா."

டீச்சர் உட்கார்ந்துவிட்டார்.

டைரக்டர் நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்து, மேசையை விரலால் தட்டினார். "அப்ப உன்னைத் தவிர வேற யாரு…"

கீழே கார் அலறியது.

எல்லோரும் வாட்ச்மேனைப் பார்த்தார்கள். பல நாளாகக் குனிந்தே இருந்த அவர் முகம் கொஞ்சம் நிமிர்ந்தது. "பாத்தீங்களா ஐயா. நான் இங்கதானே நிக்கறேன்."

பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்க இருமினார்கள். டைரக்டர் கலங்கவில்லை.

"அதைத்தான் நானும் கேக்கறேன். நீ இங்க வந்து நின்னுட்ட. கீழ காரை யாரு பாத்துக்கறது?"

காவல் இடத்தை விட்டு அகன்ற குற்றத்துக்காக வாட்ச்மேனை வேலையிலிருந்து நீக்கத் தீர்மானம் நிறைவேறியது. கூட்டத்துக்கு அவரை ஆள் விட்டுக் கூப்பிட்டதே தலைவர்தான் என்பதை யாரும் சொல்லவில்லை. யார் வண்டி எங்கே நிற்கவேண்டும் என்று இடம் ஒதுக்குவதும் தலைவர்தான்.

அன்று மாலையே அறையைக் காலி செய்யவேண்டியிருந்தது. வாட்ச்மேன் மனைவியை நாற்காலியோடு தூக்கிவந்து, வாடகை வண்டியின் பின் இருக்கைக்கு மெல்ல மாற்றிக்கொண்டிருந்தார். சங்கத்துக்குச் சொந்தமான சாமான் எதுவும் கூடப் போகிறதா என்று டைரக்டர் பால்கனிக் கம்பியில் சாய்ந்து எட்டிப் பார்த்தார். கார் அலறியது.

பக்கத்தில் கொடியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்த டைரக்டரின் மனைவி திரும்பினாள்.

"ஏங்க, நிமிருங்க."

நிமிர்ந்தார்.

"இப்ப மறுபடி குனிங்க."

குனிந்தார். கார் நின்றது.

அவள் அவருடைய பேன்ட் பையில் கைவிட்டுக் கார் சாவியை எடுத்தாள். அதில் சிவப்புப் பொத்தான் ஒன்று இருந்தது. அவசரத்துக்கு அமுக்கினால் காரை அலறவைப்பது. மறுபடி அமுக்கினால் நிறுத்துவது.

"வயித்தை மடிக்கறப்பல்லாம் அமுங்குதுங்க. இத்தனை நாளா கத்தினது நீங்கதான்" என்றாள். பிறகு கீழே பார்த்தாள். "வண்டிய நிறுத்தச் சொல்லட்டுமா? இன்னும் கிளம்பல."

"எதுக்கு?"

"எதுக்கா? அந்த மனுஷன் எங்க போவாரு?"

"தீர்மானம் நிறைவேறிடுச்சு. பத்து பேர் கையெழுத்து போட்டிருக்காங்க. என் வயித்துக்காக சங்கத்தைத் திரும்பக் கூட்டச் சொல்றியா?"

வண்டி கிளம்பித் தெருமுனையில் திரும்பியது. டைரக்டர் சாவியைச் சட்டைப் பைக்கு மாற்றிக்கொண்டார். மறுநாள் அறிவிப்புப் பலகையில், தலைவரின் இடையறாத முயற்சியால் சத்தத்துக்குக் காரணமானது கண்டறியப்பட்டு அப்புறப்படுத்தப்பட்டது என்ற செய்தி ஒட்டப்பட்டது. அதைப் படித்தவர்கள் டைரக்டருக்குக் கைகொடுத்தார்கள். டீச்சரும் கொடுத்தார்.

டைரக்டரின் வயிறு பெருக்கப் பெருக்க, அவருடைய எல்லாப் பேன்ட்டுகளின் இடுப்பையும் அவருக்குத் தெரியாமல் மனைவி ஏற்கெனவே பிரித்துத் தைத்திருந்தாள். இனிப் பிரிக்க அவற்றில் துணி இல்லை.