மடித்து வைத்த வரி

பெயர் சின்னவன், வயது இருபத்து நான்கு, இப்போது இருப்பது கடல் தாண்டி ஒரு பெரிய மருத்துவமனையின் கணினிப் பிரிவில்... என்றுதான் அப்பாவின் பழைய கால்பந்து அணியைப் பற்றிய கட்டுரையை ஆரம்பித்திருந்தான், அதில் என்ன தப்பு, வீட்டுக்கு அனுப்பிய முதல் குரல் சேதியில் பதற்றத்தில் நேர்காணலுக்குப் போனவன் மாதிரி இப்படி ஒப்பித்துவிட்டான், அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள், அதிலிருந்து எதைப் பேசினாலும் அதுவே பிள்ளையார் சுழி ஆகிவிட்டது, யார் பேசுவது என்று சொல்லாமல் பேசினால் யார் நம்புவார்கள்? ஆனால் அந்த இணையக் கலைக்களஞ்சியத்தில் அப்படி ஆரம்பிக்கக் கூடாதாம். அங்கே யார் வேண்டுமானாலும் எழுதலாம், எழுதுகிறவனுக்குத்தான் ஊரும் இல்லை பேரும் இல்லை. பத்தே நிமிடத்தில் முதல் வரி போயிருந்தது. கடைசி வரியும் போயிருந்தது, 'இதைப் படிப்பவர்கள் தயவுசெய்து என் அப்பாவிடம் சொல்லவும்' என்று போட்டிருந்தானே, அது. நீக்கியவர் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் மரங்கொத்தி, பொருத்தமான பெயர்தான், கொத்திக் கொத்தியே மரத்தைச் சல்லடையாக்கிவிட்டார், மிஞ்சிய கட்டையின் தலையில் ஒரு மஞ்சள் பட்டையை வேறு ஒட்டிவைத்திருந்தார், 'சான்று தேவை, ஏழு நாட்களுக்குள் சேர்க்காவிட்டால் இக்கட்டுரை நீக்கப்படும்.' இன்று ஏழாவது நாள். மூன்றாம் நம்பர் உலர்த்தும் இயந்திரத்தின் கண்ணாடிக்குள் நூற்றிருபது படுக்கை விரிப்புகள் புரண்டுகொண்டிருக்கின்றன, முப்பத்தெட்டு நிமிடம் ஓடும், அதற்குள் அக்கா கூப்பிட வேண்டும்... கணினிப் பிரிவாம் கணினிப் பிரிவு, இங்கே கணினி என்று இருப்பது இயந்திரத்தின் நெற்றியில் நிமிடம் காட்டும் அந்தப் பச்சை எண்கள்தான்.

எதற்கு இந்த வேலையில் தலையைக் கொடுத்தான்? ஒரு மதிய இடைவேளையில் சும்மா தன் ஊர்ப் பக்கத்தைத் திறந்து பார்த்தான், மக்கள்தொகை, ரயில் நிலையம், மாவட்டக் கால்பந்துக் கோப்பையை வென்ற அணிகளின் பட்டியல், அதில் அப்பாவின் அணி சிவப்பு எழுத்தில் இருந்தது, தொட்டால் 'இப்படியொரு பக்கம் இல்லை, நீங்கள் தொடங்கலாம்' என்றது. நீங்கள் தொடங்கலாம். பதினோரு மாதமாக அவனிடம் யாரும் இப்படிச் சொல்லவில்லை. படிப்பை நடுவில் விட்டுவிட்டு விமானம் ஏறியதிலிருந்து அப்பா அவனோடு பேசுவதில்லை, போனை நீட்டினால் எழுந்து போய்விடுகிறார், ஏதாவது கேட்க வேண்டுமென்றாலும் அக்காவிடம் 'அங்க மழையான்னு கேளு' என்பதோடு சரி. ஆனால் இறுதி ஆட்டத்தில் அந்தப் பெனால்டியைத் தடுத்த கதை என்றால் அதே மனுஷன் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார், வலது கையை முஷ்டியாக்கி ஓங்குவார், சுண்டுவிரல் மட்டும் மடங்காமல் கோணலாக வெளியே நிற்கும், 'அந்தப் பந்து குடுத்ததுடா இது' என்பார். பேருந்தில் முப்பது வருஷம் டிக்கெட் கிழித்த அந்த விரல்கள்... அதை எழுதினால் என்ன, உலகமே படிக்கிற இடத்தில் எழுதினால் அவர் பேசாமல் இருந்துவிடுவாரா? வெளுப்புநீர் பட்டுப்பட்டு விரல்நுனி வெடித்துக் கிடக்கிறது, எழுத்துகளைத் தட்டினால் எரியும், ஆகவே போனிடம் பேசினான், அது எழுதிக்கொண்டது, அவன் பேசியபடியே 'எங்கப்பா ஒரே குத்துல தட்டிவிட்டார் பாருங்க' என்று எழுதிக்கொண்டது, நடுவில் கூட வேலை செய்யும் மடிப்பண்ணன் போட்ட சத்தத்தையும், 'டேய் தலையணை உறை எங்கடா', அட்சரம் பிசகாமல் சேர்த்துக்கொண்டது. மரங்கொத்தி அதற்கும் குறிப்பு போட்டிருந்தார், 'தலையணை உறைக்கும் இந்த அணிக்கும் உள்ள தொடர்பு விளங்கவில்லை.'

கோபம் வந்தது. பேச்சுப் பக்கம் என்று ஒன்று இருக்கிறது, கட்டுரைக்குப் பின்புறம் ஆட்கள் நின்று பேசிக்கொள்கிற இடம், அங்கே போய் 'நான்தான் சான்று, நான் அவரோட பையன், இதுக்கு மேல என்ன வேணும்?' என்று கேட்டான். பதில் அன்று மாலையே வந்தது. 'அதுதான் சிக்கல், தம்பி. பையன் சொன்னால் சான்று ஆகாது. அன்றைய செய்தித்தாள் இருந்தால் தேதியும் பக்க எண்ணும் போதும். உங்களைப் பற்றிச் சொல்ல விரும்பினால் இங்கே சொல்லலாம், கட்டுரையில் வேண்டாம். என் முதல் கட்டுரையையும் நீக்கிவிட்டார்கள், இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.' அந்தக் கடைசி வரியை அவன் நாலைந்து தடவை படித்தான்... செய்தித்தாள் இருக்கிறதே, வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறதே, அணி வரிசையாக நிற்க, ஓரத்தில் கையுறையோடு அப்பா, அதைப் பார்த்துத்தானே அவன் வளர்ந்தான். தேதி மட்டும் வெளியே தெரியாது, சட்டத்தைக் கழற்றினால்தான் தெரியும், அப்பா இல்லாத நேரம் பார்த்துக் கழற்றும்படி அக்காவிடம் சொல்லியிருந்தான்.

“என்னடா, இன்னுமா அந்தப் பரீட்சை பாஸாகல?” என்றபடி மடிப்பண்ணன் ஒரு விரிப்பின் இரண்டு முனைகளை அவனிடம் எறிந்தார். இந்தக் கூடத்தில் தமிழ் பேசுகிற இன்னொரு ஆள், ஒன்பது வருஷமாக மடித்து மடித்துத் தோளே சதுரமாகிப்போனவர். “ஓசில எழுதிக் குடுக்கிறதுக்கு இத்தனை கேள்வியா? நம்ம சூப்பர்வைசர்கூட இவ்வளவு நோண்ட மாட்டான்.” இருவரும் எதிரெதிராக நின்று உதறி, இழுத்து, நடந்து வந்து முனையோடு முனை சேர்த்தார்கள், இதில் மட்டும் அவனுக்குப் பேச்சு வேண்டியதில்லை. “கறை தெரியுது பார், எத்தனை தடவ சொல்லியிருக்கேன், போகாத கறைன்னா உள்பக்கமா வெச்சு மடி.” சரிண்ணே என்று திருப்பிப் பிடித்தான். பச்சை எண் இருபத்தொன்று காட்டியபோது போன் துடித்தது.

“சின்னவனே, கிடைச்சிருச்சுடா!” அக்கா குசுகுசுத்தாள், “அவர் முடிவெட்டப் போயிருக்கார், அந்த கேப்ல கழட்டிட்டேன். தேதி இருக்கு, பக்கம் ஏழு, எல்லாத்தையும் படம் எடுத்து அனுப்பறேன். இன்னொண்ணு கேளு, போகும்போது சொன்னார், சாயங்காலம் நீ எழுதினதைப் படிச்சுக் காட்டணுமாம். எங்கிட்டச் சொல்லல, சுவரைப் பார்த்துச் சொன்னார். ஆனா சொன்னார்டா.” “அக்கா, நிஜமாவா?” என்றான். அவள் குரலை இன்னும் தாழ்த்தினாள். “டேய்... படத்துக்குக் கீழ ஒரு வரி இருக்கு. நாம பார்த்ததே இல்ல. அதை மட்டும் பின்பக்கமா மடிச்சு வெச்சுச் சட்டம் போட்டிருக்கார். எல்லார் பேரும் இருக்கு. கோல்கீப்பர்னு இருக்கிறது அப்பா பேர் இல்லடா. தெருமுனைத் தையற்கடைக்காரர் பேர்.” “அப்போ அப்பா?” “கடைசில. மாற்றுக் கோல்கீப்பர், களமிறங்கவில்லைன்னு போட்டிருக்கு.” “சரியாப் படிச்சியா?” “கண்ணு நல்லாத்தான் தெரியுது எனக்கு. மடிப்பு நைஞ்சுபோயிருக்கு, இன்னொரு தடவ பிரிச்சா கையோட வந்துரும். நீ என்ன எழுதப் போற?” “நீ சொல்லு.” “நான் என்னத்தச் சொல்ல, ஆணியில மாட்டப் போறேன், அவர் வர்ற நேரம்” என்று வைத்துவிட்டாள்.

பதினேழு நிமிடம். தையற்கடைக்காரர்... அவனுக்குப் பள்ளிச் சட்டை தைத்தவர், அவர் எப்போதாவது அந்தப் பெனால்டியைப் பற்றி வாயைத் திறந்திருக்கிறாரா, இல்லையே, அப்பா கடையைத் தாண்டிப் போகும்போது தையல் இயந்திரத்திலிருந்து தலையை மட்டும் ஆட்டுவார், இத்தனை வருஷமும் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தாரா, அப்பாவுக்காகவா? தையற்கடைக்காரர் போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது, இனி யாரைக் கேட்பது? மரங்கொத்திக்குத் தேதியும் பக்க எண்ணும்தான் வேண்டும், கொடுத்துவிட்டால் பட்டையை எடுத்துவிடுவார், யார் போய்ப் பழைய தாளைப் புரட்டப் போகிறார்கள், அப்பாவின் பெயரையே போட்டுவிடலாம், சாயங்காலம் அக்கா படிப்பாள், அப்பா முஷ்டியை ஓங்குவார், அப்புறம் போனை வாங்குவார், 'டேய்' என்பார். அந்த ஒரு டேய்... அதற்காக ஒரு வரிதானே. ஆனால் அவருக்குத் தெரியுமே, படிக்கப் படிக்க அவருக்கு மட்டும் தெரியுமே, மகன் எழுதி உலகமே படிக்கிற ஒன்றை அவர் எங்கே கொண்டுபோய் மடிப்பார்? வெட்டி எறிந்திருக்கலாம், கத்தரிக்கோல் இல்லாத வீடா, ஏன் மடித்து வைத்தார்? அதில் அவர் பெயரும் இருக்கிறது, அதனாலா, அச்சில் அவர் பெயர் வந்தது வாழ்நாளில் அந்த ஒரு முறைதான், களமிறங்கவில்லை என்ற சொல்லுக்குப் பக்கத்தில். அவன் மட்டும் என்ன, வெள்ளைச் சட்டை போட்டு யாரோ ஒருவருடைய மேசைக் கணினிக்கு முன்னால் நின்று எடுத்த படத்தைத்தானே வீட்டுக்கு அனுப்பினான், அந்தப் படத்தையும் சட்டம் போட்டிருப்பதாக அக்கா சொன்னாளே, அதற்குச் சான்று கேட்டு ஒருத்தரும் மஞ்சள் பட்டை ஒட்டவில்லையே, ஒருவேளை அப்பாவுக்குத் தெரியுமோ, மடித்தவருக்கு மடிப்பு தெரியாமலா இருக்கும்... அதெல்லாம் இருக்கட்டும், அந்த விரல்? ஆட்டத்தில் இறங்கவேயில்லை என்றால் அந்தச் சுண்டுவிரல் எப்படிக் கோணலாச்சு?

ஐந்து நிமிடம் இருக்கும்போது விரிப்புக் கூடைகளுக்குப் பின்னால் போய் நின்று போனை வாயருகே வைத்துக்கொண்டான். கட்டுரையைத் திறந்து புத்தகத்தில் வருவதுபோல் நிறுத்தி நிறுத்திச் சொன்னான், இறுதி ஆட்டத்தில் பெனால்டியைத் தடுத்தவர் இன்னார், தையற்கலைஞர், மாற்றுக் கோல்கீப்பராக அணியில் இருந்தவர் இன்னார், பேருந்து நடத்துநர். தேதி. பக்கம் ஏழு. சேமி என்பதைத் தொட்டபோது வெடித்த விரல் எரிந்தது, அக்கா இதை எப்படிப் படிப்பாள், எந்த வரியில் நிறுத்துவாள், அவர் எழுந்து போய்விடுவாரா... தெரியவில்லை. அப்புறம் பேச்சுப் பக்கத்துக்குப் போனான். “மெஷின் நின்னுருச்சுடா, எங்க போய்த் தொலஞ்ச?” என்று மடிப்பண்ணன் கத்தினார், அதுவும் அதில் ஏறியிருக்கும், ஏறட்டும். பேச வேண்டிய இடத்தில் பேசுவதால் இந்த முறை அவன் எதையும் மாற்றிக்கொள்ளவில்லை, வழக்கம்போலவே ஆரம்பித்தான், ஒன்றே ஒன்றைத் தவிர.

“பேர் சின்னவன், வயசு இருபத்து நாலு, இருக்கிறது ஒரு ஆஸ்பத்திரியோட சலவைக்கூடம். அந்த டீமோட யாராவது பிராக்டீஸ் பண்ணியிருந்தா, இல்ல கிரவுண்டு ஓரமா நின்னு பார்த்திருந்தா ஒரு உதவி செய்யுங்க. மாற்றுக் கோல்கீப்பரா இருந்தவருக்கு வலது கை சுண்டுவிரல் வளைஞ்சிருக்கும். அது எந்தப் பந்துல வளைஞ்சதுன்னு தெரிஞ்சவங்க இங்க எழுதுங்க.”